புதாற்றுப் பாசனமும் மலேரியாவும்: பட்டுக்கோட்டைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

நெல் விளையும் இடத்தில் நீர் நிற்கும். நீர் நிற்கும் இடத்தில் கொசு பெருகி மலேரியா பரவும் என்பது பொதுவான கருத்து. தஞ்சை மாவட்டத்தின் வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தரவில்லை. பல நூற்றாண்டுகளாக நெல் விளைந்துவரும் காவிரியின் பழைய வடிநிலத்தில் மலேரியா பெருந்தொல்லையாக இருக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், கல்லணைக் கால்வாயால் புதிதாகப் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைப் பகுதியிலேயே அந்நோய் தலைதூக்கியது. இரு பகுதிகளிலும் பயிர் ஒன்று, ஆறும் ஒன்று. வேறுபாட்டிற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதிய கால்வாயும் தேங்கிய நீரும்

தஞ்சை மக்களால் ‘புதாறு’ எனப்படும் இக்கால்வாய், வானம் பார்த்த நிலத்திற்கு நீர் கொணர்ந்தது. நீர் வந்த அளவிற்கு வடிகால் அமையவில்லை. கரைக்கு மண் எடுத்த குழிகளிலும், கசிவு நீர் தேங்கிய பள்ளங்களிலும், நீர் பாய்ந்தும் நடவாகாத வயல்களிலும் கொசுப்புழுக்கள் வளர்ந்தன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் இங்கு ஆய்வு செய்த பால் ரஸ்ஸல், பழுதுபட்டதும் ஒழுங்கற்றதுமான பாசனமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய கட்டுரையை 1938இல் வெளியிட்டார்.

கொசுவின் இயல்பு

இப்பகுதியில் மலேரியாவைப் பரப்பியது அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்னும் இனம். ரஸ்ஸலும் டி. இராமச்சந்திர ராவும் இதன் முட்டையிடும் முறையை நுணுகி நோக்கினர். பெண்கொசு நீரின்மேல் அமர்வதில்லை. சில அங்குல உயரத்தில் பறந்தவாறே முட்டையிடுகிறது. ஆகவே அதற்குத் தடையற்ற நீர்ப்பரப்பு தேவை. நட்ட பயிர் ஏறத்தாழ 12 அங்குலம் வளர்ந்ததும் அவ்வயலை இக்கொசு கைவிடுகிறது. நிழலினும் பயிர்த்தாள்கள் பறத்தலுக்குத் தரும் தடையே இதற்கு முதன்மைக் காரணம் என அவர்தம் சோதனைகள் காட்டின. வளர்ந்த வயலில் பிற அனாபிலிஸ் இனங்கள் பெருகினும், நோய் பரப்புவதில் அவற்றிற்குப் பெரும்பங்கு இல்லை. எனவே நெல்வயல் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஆபத்தானது அன்று. நடவை ஒட்டிய சில வாரங்களே கவனத்திற்குரியவை.

மக்களின் வாழிடம்

இக்கொசு மனிதரைவிட மாட்டையே மிகுதியும் நாடும். எனினும் எண்ணிக்கை பெருகும்போது மனிதரைக் கடிக்கும் சிறுபங்கே நோய் பரவப் போதுமானது. வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டில் அமைவது இவ்வட்டார வழக்கம். பகலில் கொசு இவ்விரண்டின் இருண்ட மூலைகளிலும் தங்கியது. அவ்வியல்பையே கருவியாக்கி, ரஸ்ஸலும் பொறியாளர் நைப்பும் பைரீத்ரம் கலந்த மண்ணெண்ணெயை உட்புறங்களில் தெளித்துப் பல பருவங்கள் சோதித்தனர்.

முடிவுரை

1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டிடிடி தெளிப்பையே முதன்மையாகக் கொண்டது. நாளடைவில் இக்கொசு அம்மருந்திற்கு எதிர்ப்பாற்றல் பெற்றது. மருந்து வலுவிழந்தபோதும் பட்டுக்கோட்டை ஆய்வின் பயன் குறையவில்லை. நோயின் அளவை அங்கு முடிவு செய்தது நெற்பயிர் அன்று. நீரைக் கொணர்ந்தவர்கள் அதனை வடிப்பதில் காட்டிய கவனக்குறைவே. பாசனத்திட்டத்தின் செலவுக் கணக்கில் வடிகாலுக்கும் உரிய பங்கு வேண்டும். அது விடுபட்டால், அச்செலவைக் குடிமக்கள் தம் உடல்நலத்தால் ஈடுசெய்ய நேரும்.