மருத்துவ நுழைவுத் தேர்வு: வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்று எழும் கேள்வி இது: நுழைவுத் தேர்வுக்குச் சிறப்பு வகுப்பில் சேர்ப்பதா, பிள்ளையே சொந்தமாகத் தயார் செய்யட்டுமா? நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிட நினைக்கும் பெற்றோர் முதலில் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

யாருக்குத் தேவை?

மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படிக்க 'யூகேட்' தேர்வு தேவையில்லை. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் தேர்ச்சி, புறப்பாட நடவடிக்கைப் புள்ளி, நேர்முகத் தேர்வு ஆகியவைதான் அங்கு முக்கியம். பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளும், சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியும் நன்யாங் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியும் 'யூகேட்' கேட்கின்றன. பிள்ளை எங்கே விண்ணப்பிக்கப் போகிறார் என்பதை முடிவு செய்யாமல் வகுப்பில் சேர்த்தால் பணம் வீணாகலாம்.

எப்படிப்பட்ட தேர்வு?

இதில் உயிரியல், வேதியியல் கேள்விகள் கிடையாது. 2025 முதல் நான்கு பகுதிகள் உள்ளன:

மொழித்திறன்: 44 கேள்விகள், 22 நிமிடங்கள்
முடிவெடுத்தல்: 35 கேள்விகள், 37 நிமிடங்கள்
கணக்கு: 36 கேள்விகள், 26 நிமிடங்கள்
சூழ்நிலை ஆய்வு: 69 கேள்விகள், 26 நிமிடங்கள்

மொழித்திறனில் ஒரு கேள்விக்கு அரை நிமிடம்தான். நம் பிள்ளைகள் பலர் இங்குதான் திணறுகிறார்கள். அறிவு குறைவு என்பதால் அல்ல. ஆங்கிலத்தில் வேகமாக வாசித்துப் பழகாததால். தவறான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாது. எனவே எந்தக் கேள்வியையும் விடையின்றி விடக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே எழுத முடியும்.

சொந்தமாகத் தயார் செய்வது எப்படி?

'யூகேட்' அதிகாரபூர்வ இணையத்தளத்தில் பயிற்சிக் கேள்விகளும் முழு மாதிரித் தேர்வுகளும் இலவசம். முதலில் கேள்வி வகைகளைப் பார்த்துவிட்டு, கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வை எழுதச் சொல்லுங்கள். எந்தப் பகுதி பலவீனம் என்பது அன்றே தெரிந்துவிடும். பிறகு ஆறிலிருந்து எட்டு வாரங்கள், தினமும் ஒரு மணி நேரம் போதும். செய்த தவறுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசிப்பதும் பயிற்சிதான்.

வகுப்பு எப்போது உதவும்?

மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகும் ஒரு பகுதியில் புள்ளி ஏறவில்லை என்றாலோ, வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் பிள்ளைக்கு இல்லை என்றாலோ வகுப்பு பயன் தரும். பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- பாடங்கள் 2025 மாற்றத்திற்கு ஏற்ப உள்ளனவா? வடிவங்களை ஆராயும் பழைய பகுதி நீக்கப்பட்டுவிட்டது. அதை இன்னும் நடத்தினால் யோசியுங்கள். பழைய புத்தகம் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள்.
- ஒவ்வொரு மாணவரின் தவறையும் ஆசிரியர் தனித்தனியே பார்ப்பாரா?
- பிள்ளைக்குத் தேவையான பகுதிக்கு மட்டும் சேர முடியுமா?

எந்தத் தனியார் வகுப்பையும் தேர்வு அமைப்பு பரிந்துரைப்பதில்லை. "இடம் உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

முதல் மாதிரித் தேர்வுக்குச் செலவு ஏதுமில்லை. அதன் முடிவைப் பார்த்த பிறகு நகையைப் பற்றி யோசிக்கலாம்.