காருக்குள் காற்று வந்த கதை

விருதுநகர் மாவட்டத்துக் கோடையில், வெட்டவெளியில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் அடுப்பின் வாயைத் திறந்ததுபோல் அனல் அடிக்கும். முன்பலகையில் உள்ள குமிழைத் திருப்பியதும் குளிர்காற்று வீச வேண்டும். என்றாவது ஒருநாள் அது வீசாமற் போகும். குளிர்பதனக் கருவி முழுவதும் கெட்டுவிட்டதோ என்று பலர் அஞ்சுவர். ஆனால் கெட்டது காற்றைத் தள்ளும் சிறு விசிறியாகவோ, அதற்கு மின்சாரம் வரும் வழியில் உள்ள ஓர் உறுப்பாகவோ இருக்கலாம். பட்டறைகளில் 'புளோயர்' எனப்படும் இதை நாம் ஊதுவிசிறி என்போம்.

இவ்விசிறியின் உறுப்புகள் யாவும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறையைத் தீர்க்க, வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தவை. அந்த வரலாற்றை அறிந்தால் பழுதின் இருப்பிடத்தை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

பொறி எழுப்பும் மோட்டார்

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்யலாம் என்று 1821இல் மைக்கேல் பாரடே காட்டினார். எனினும் ஒரு கம்பிச்சுருள் ஒரே திசையில் ஓயாது சுழல வேண்டுமானால், ஒவ்வோர் அரைச்சுற்றிலும் அதில் பாயும் மின்னோட்டத்தின் திசை மாறவேண்டும். இவ்வேலையைச் செய்யவே செம்புத் துண்டுகளாலான 'கம்யூட்டேட்டர்' என்னும் உருளை வந்தது. அதை உரசிக்கொண்டு மின்சாரத்தைச் செலுத்துபவை பிரஷ்கள். தொடக்கத்தில் செம்புக் கம்பிகளைத் தூரிகைபோல் கட்டிப் பயன்படுத்தியதால் அப்பெயர் நிலைத்தது. செம்பு, செம்பையே அரித்தது. 1885இல் ஜார்ஜ் போர்ப்ஸ் கார்பனைப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றார். கார்பன் தான் தேய்ந்து, உருளையைக் காக்கிறது.

ஆகவே பிரஷ் தேய்வது அதன் இயல்பே ஆகும். உரசுமிடத்தில் சிறு மின்பொறிகள் எழுவதும் அப்படித்தான். இப்பொறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் ஏறிய விசிறி

1882இல் ஸ்கைலர் வீலர் இரண்டு இலைகள் கொண்ட மின்விசிறியை அமெரிக்காவில் செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் விசிறி காரின் காற்றோட்ட அமைப்பில் இடம்பெற்றது. 1938இல் நாஷ் நிறுவனத்தின் கார்கள் வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, விசிறியால் உள்ளே தள்ளின. அது குளிர்நாட்டாரின் தேவை.

வெப்பத்தைத் தணிக்கும் கருவியை 1939இல் பாக்கார்டு நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அது காரின் பின்பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. குளிர் அதிகமானால் அதைக் கட்டுப்படுத்த, ஊதுவிசிறியை நிறுத்துவது ஒன்றே ஓட்டுநரின் கையில் இருந்தது!

பிற்காலக் கார்களில் விசிறிக்குப் பல வேகங்கள் வந்தன. மின்தடைக் கம்பிகள் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால் வேகம் குறையும். உச்ச வேகத்தில் மட்டும் மின்சாரம் தடைகளைத் தவிர்த்து நேரே மோட்டாரை அடையும். 1964இல் காடிலாக் காரில் வெப்பநிலையைத் தானே சீராக வைத்திருக்கும் அமைப்பு வந்தது.

நம் நாட்டில் அம்பாசிடர் கார்களின் முன்பலகையில் சிறு விசிறியைப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. 1961இல் தோன்றிய சென்னையின் லூகாஸ்-டி.வி.எஸ். வாகன மின்கருவிகளை இங்கேயே செய்தது. 1985இல் தொடங்கிய சுப்ரோஸ் கார்க் குளிர்பதனக் கருவிகளைச் செய்ய முன்வந்தது. ஒருகாலத்தில் செல்வரின் ஆடம்பரமாயிருந்தது சாதாரணக் கார்களுக்கும் வந்தது.

அடையாளங்கள்

இனிப் பழுதுக்கு வருவோம். குமிழ் உள்ள கார்களில் கீழ்க்கண்டவாறு ஆராயலாம்.

உச்ச வேகத்தில் மட்டும் விசிறி சுழன்றால், மின்தடைத் தொகுதி எரிந்திருக்கக் கூடும். மோட்டார் நலமே. இத்தொகுதி விசிறியின் காற்றோட்டத்திலேயே அமைந்திருப்பதால் அக்காற்றால் குளிர்கிறது. எனவே தூசு அடைத்த வடிகட்டி அதற்குப் பகை.

எந்த வேகத்திலும் சுழலாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். அது நன்றாயிருந்தால் மோட்டாரின் இணைப்பில் 12 வோல்ட் சோதனை விளக்கை வையுங்கள். விளக்கு எரிந்தும் விசிறி சுழலவில்லையா? பழுது மோட்டாரில் உள்ளது. மோட்டார்க் கூட்டை மெல்லத் தட்டியதும் சுழன்றால் பிரஷ் தேய்ந்துவிட்டது எனலாம். விளக்கே எரியாவிட்டால் சுவிட்சையும் கம்பிகளையும் ஆராய வேண்டும்.

பியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால், மோட்டார் இறுகி மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். அங்கே பெரிய பியூஸையோ செம்புக் கம்பியையோ போடாதீர்கள். சாதாரணமாகவே உச்ச வேகத்தில் 20 ஆம்பியர் வரை பாயலாம்; 12 வோல்ட்டில் அது 240 வாட். பியூஸ் உருகாவிட்டால் கம்பியின் உறை உருகும், காரே தீப்பற்றும்.

தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள புதிய கார்களில் மின்தடைக்குப் பதில் மின்னணுக் கருவி வேகத்தைக் குறைக்கிறது. முதல் அடையாளம் அவற்றிற்குப் பொருந்தாது. ஏர்பேக் கம்பிகளைத் தொடவே கூடாது.

பொறி சிறிதன்று

கம்பியில் மின்சாரம் உள்ளதா என்று அறிய, அதைக் காரின் உடலில் உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. எங்கும் தவறான இப்பழக்கம், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் பெருந்தீங்காகும். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்துக் கலவைக்கு உராய்வோ சிறு பொறியோ போதும் என்பதை இப்பகுதி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காருக்குள் எழும் பிரஷ் பொறி அந்த மோட்டாரின் கூட்டுக்குள் அடங்கியது; நம் கையால் எழுப்பும் பொறி அப்படியன்று. சோதனை விளக்கைத் தொடுப்பதிலும் எடுப்பதிலுங்கூடச் சிறு பொறி எழலாம். ஆதலால் பட்டாசு ஆலை, மருந்துக் கிடங்கு ஆகியவற்றின் அருகில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சிறிது வியர்த்தாலும் பரவாயில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, விளக்கை வைத்துச் சோதியுங்கள். உறுப்பைக் கழற்றுமுன் பாட்டரி இணைப்பை நீக்கிவிடுங்கள்.