ஹார்மோன்: சுரப்பிகளும் சொல்லாடலும்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம். விவாதத்தில் தோழி ஒருவர் குரலை உயர்த்தியதும் பக்கத்திலிருந்த நண்பர் என் காதோரம், 'ஒண்ணுமில்ல தோழர், ஹார்மோன் பண்ற வேல' என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பு உறுத்தியதால்தான் தமிழ் படித்த நான் இந்த வரலாற்றுக்குள் தலையை விட நேர்ந்தது.

1902இல் லண்டனில் பேய்லிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த செக்ரிட்டின், சிறுகுடலில் சுரந்து கணையத்தைத் தூண்டுவது. 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மூலத்துக்குக் கிளர்த்துதல், இயக்குதல் என்று பொருள். நம் 'இயக்குநீர்' பொருத்தமான ஆக்கம்தான். ஆக, இந்தப் பெயருக்கு வழிவிட்டது சோறு செரிக்க உதவுகிற ஒரு சமாச்சாரம். அதில் ஆண் ஏது, பெண் ஏது?

ஆனால் பால் பற்றிய கற்பிதம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. 1889இல் பாரிஸில் 72 வயது பிரௌன் செக்கார், நாய், கினிப்பன்றி விரைகளின் சாற்றைத் தனக்கே ஊசியேற்றிக்கொண்டு, வலிமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். அந்த நீர்ச்சாற்றில் செயல்படும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்காது என்பது பின்னாளைய கணிப்பு. அவருக்குள் ஏறியது ஆண்மை குறித்த நம்பிக்கைதான். 1931இல் ஜெர்மனியில் பூட்டனண்ட் 'ஆண் ஹார்மோன்' தேடி ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்தார். யாருடைய சிறுநீர்? போலீஸ்காரர்களுடையது!

1934இல் இந்தக் கதை தலைகீழானது. யூதர் என்பதால் முந்தைய ஆண்டு பெர்லினில் பதவி இழந்த சோண்டெக், ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதைக் கண்டார். பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதே ஆண்ட்ரோஜனிலிருந்துதான் என்பது பிறகு தெளிவாயிற்று. ஆண்/பெண் என்ற எதிர்வை வேதியியல் கலைத்துவிட்டது. பெயர்கள் மட்டும் கலையவில்லை. பெயரிடுதல் ஓர் அதிகாரம் அல்லவா?

அந்த அதிகாரம் உடல்கள்மீது இறங்கியதையும் பார்க்கிறோம். 1952இல் இங்கிலாந்தில் தன்பாலுறவுக்காகத் தண்டிக்கப்பட்ட கணிதவியலர் ஆலன் டூரிங்குக்குச் சிறைக்குப் பதிலாகத் தரப்பட்டது 'பெண் ஹார்மோன்'. 2006இல் தோஹாவில் நம் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, பால் சோதனையின் பேரில் பறிக்கப்பட்டது. 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காட்டி ஒதுக்கப்பட்டார். 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018இல் அது வேறு வடிவில் திரும்பி வந்தது.

நான் சுரப்பிகளை மறுக்கவில்லை. தைராய்டு மாத்திரை இல்லாமல் என் அம்மாவுக்கு ஒருநாள் ஓடாது. யாருடைய பேச்சை விளக்க ஹார்மோன் அழைக்கப்படுகிறது என்பதே என் கேள்வி. அதே கூட்டத்தில் நண்பரும் மேசையைத் தட்டிக் கத்தினார். அதை நாங்கள் அறச்சீற்றம் என்றோம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகமிருக்கிறது. தோழி எதற்காகக் கோபப்பட்டார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.