பட்டியலுக்கு வெளியே ஒரு மாத்திரை

70 என்றால் ‘இந்த மருந்துக்குக் காப்பீடு கிடையாது’. 75 என்றால் ‘முன் அனுமதி வாங்கிட்டு வா’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மனப்பாடம் செய்த எண்கள் இவை. அமெரிக்காவில் ஒருவர் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டை நீட்டுகிறார். கடைக்காரர் கணினியில் தட்டியதும் அது காப்பீட்டு சர்வருக்குப் போய், சில நொடிகளில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலைச் சொல்லும் மென்பொருளின் ஒரு மூலையை, சென்னையில் ஓ.எம்.ஆர். அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து டெஸ்ட் செய்வதுதான் என் வேலை.

ஒரு டிசம்பரில், அடுத்த வருடத்துக்கான மருந்துப் பட்டியல் வந்தது. நேற்றுவரை ‘ஆம்’ என்றிருந்த சில மருந்துகளுக்கு நேராக ‘இல்லை’. “ஏன் ஜி, இந்த மருந்துல ஏதாவது பிரச்சினையா?” என்று டீம் லீடிடம் கேட்டேன். “மருந்து அதே மருந்துதான்பா. டீல் மாறிடுச்சு” என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பட்டியலுக்கு ஃபார்முலரி என்று பெயர். அதன் கதையைத் தேடிக்கொண்டு போனால், 1778இல் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மருந்துத் தட்டுப்பாடு. வில்லியம் பிரௌன் என்ற ராணுவ மருத்துவர், கைவசம் இருப்பதை வைத்து என்னென்ன தயாரிக்கலாம் என்று லத்தீனில் 32 பக்கக் கையேடு ஒன்றைத் தொகுத்தார். பென்சில்வேனியாவில் லிட்டிட்ஸ் என்ற ஊரின் ராணுவ மருத்துவமனையை ஒட்டி அதற்குப் பெயர் வந்தது. தலைப்பு ரொம்ப நீளம். ஆனால் பட்டியல் ஏன் இவ்வளவு சின்னது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது: எதிரி நம்மீது சுமத்திய போரால் வந்த இல்லாமைக்கு ஏற்றபடி தொகுக்கப்பட்டது என்று.

அதன்பிறகு நெடுங்காலம் பட்டியல் மருத்துவமனைகளின் விஷயமாகவே இருந்தது. மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் குழுவாக உட்கார்ந்து, எதை வாங்கி வைப்பது என்று முடிவு செய்வார்கள். 1960களின் கடைசியில் பிசிஎஸ் என்ற நிறுவனம் பிளாஸ்டிக் அட்டையோடு வந்தது. அதுவரை காசு கொடுத்து மருந்து வாங்கி, ரசீதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள், இனி அட்டையைக் காட்டினால் போதும். கடைக்கும் காப்பீட்டுக்கும் நடுவில் கணக்குப் பார்ப்பது இந்த இடைத்தரகர்களின் வேலை. கிளார்க் வேலைதான். 1980களின் கடைசியில் கடைகள் கணினியால் இணைந்தபோது அந்த கிளார்க் வேறு ஆளாகிவிட்டார். யார் எந்த மருந்தை வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மருந்துக் கம்பெனியிடம் போய், “தள்ளுபடி கொடுத்தால் உன் மருந்தை நோயாளி குறைவாகக் காசு கட்டும் அடுக்கில் வைக்கிறேன். இல்லையென்றால் உன் போட்டியாளன் இருக்கிறான்” என்று சொல்ல முடியும்.

இந்த அதிகாரத்தின் விலையைச் சந்தையே சொன்னது. 1993இல் மெர்க் மருந்து நிறுவனம் மெட்கோ என்ற இடைத்தரகரைச் சுமார் 600 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு எலி லில்லி 400 கோடி டாலருக்கு பிசிஎஸ்ஸை வாங்கியது. பரீட்சை எழுதுபவரே விடைத்தாள் திருத்துபவரையும் விலைக்கு வாங்கியதுபோல. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் தலையிட்டு நிபந்தனைகள் போட்டது. லில்லி சில ஆண்டுகளிலேயே பிசிஎஸ்ஸைப் பெரும் நஷ்டத்துக்கு விற்றது. 2003இல் மெர்க்கும் மெட்கோவைத் தனியாகப் பிரித்துவிட்டது.

சரி, இப்போது எப்படி முடிவு செய்கிறார்கள்? பொதுவாக இரண்டு படிகள். முதலில் மருத்துவர்களின் குழு ஆய்வுகளைப் படித்துவிட்டு ஒவ்வொரு மருந்துக்கும் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: சேர்க்க வேண்டும், சேர்க்கக் கூடாது, சேர்க்கலாம். அந்த ‘லாம்’ இருக்கிறதே, எல்லாம் அதில்தான். ஏறக்குறைய ஒரே பலன் தரும் மருந்துகள் பல இருந்தால் அவை ‘சேர்க்கலாம்’ கூடைக்குப் போகும். அங்கிருந்து இரண்டாவது குழு, தள்ளுபடி போக நிகர விலை என்ன என்று பார்த்து எடுக்கும்.

2013 டிசம்பரில் கிலியட் நிறுவனத்தின் சோவால்டி வந்தது. ஹெபடைடிஸ் சி நோய்க்கான மருந்து. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000. அடுத்த ஆண்டு அதே கிலியட்டின் ஹார்வோனி, பிறகு ஆப்வி நிறுவனத்தின் வைகிரா பாக். இவை இரண்டும் சோதனைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குணப்படுத்தின. 2014 டிசம்பரில் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடைத்தரகர் வைகிராவைச் சேர்த்து ஹார்வோனியை வெளியே தள்ளியது. இரண்டே வாரத்தில் இன்னொரு பெரிய இடைத்தரகரான சிவிஎஸ், ஹார்வோனி பக்கம் போனது. படித்த ஆய்வுகள் ஒன்றுதான், பதில்கள் நேரெதிர்.

இதை வெறும் பேராசை என்று முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்த ‘இல்லை’ வேலை செய்தது. 2015இல் தன் தள்ளுபடி சராசரியாக 46 சதவீதம் இருக்கும் என்று கிலியட்டே சொன்னது. ‘வேண்டாம்’ என்று எழுந்து போகத் தெரியாதவருக்கு எந்தக் கடையிலும் விலை குறையாது.

என் கேள்வி வேறு. பேரம் நடக்கும்போது காத்திருப்பது யார்? ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில், கல்லீரல் மோசமாகத் தழும்பேறிய பிறகே இந்த மாத்திரை என்று பல மாநிலங்கள் விதி வைத்தன. குணப்படுத்தும் மருந்து இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் நோயாளியாகிவிட்டு வா. 2015 நவம்பரில் மத்திய அரசு மாநிலங்களை எச்சரித்துக் கடிதம் எழுதியது. 2016இல் வாஷிங்டன் மாநிலத்தின் விதியை நீதிமன்றம் நிறுத்தியது. தள்ளுபடி ஒப்பந்தங்களோ இன்றும் வியாபார ரகசியம். கவுன்டரில் நிற்பவருக்கு அவை தெரியாது.

போர்க்காலப் பஞ்சத்தில் பட்டியல் போட்ட பிரௌன், அதற்கான காரணத்தை முகப்பிலேயே அச்சடித்தார். நான் டெஸ்ட் செய்த அட்டவணையில் மருந்தின் எண் இருந்தது, அடுக்கு இருந்தது, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருந்தன. ‘ஏன்’ என்பதற்கு மட்டும் காலம் இல்லை. இருந்திருந்தாலும் அதில் எதை நிரப்பியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அன்று என் டெஸ்ட் எல்லாம் பாஸ். 70 சரியாக வந்தது.