பாவனையற்ற வீட்டுக் கிணற்றை என்ன செய்வது?

போர் விட்டுச்சென்றவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, ஆளில்லாத வளவுகளில் வாய்திறந்து கிடக்கும் கிணறு. வலிகாமம் வடக்கில் 1990இல் கைவிடப்பட்ட காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, வீடு இருந்த சுவடே இல்லாத இடங்களிலும் கிணறு மட்டும் எஞ்சியிருந்தது. வன்னியிலும் இதே நிலைதான். கட்டு இடிந்து, பற்றை மூடிய கிணறுகளில் சிறுவர்கள் விழுந்து இறந்த செய்திகளை நாம் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தாய்வழிக் காணியிலும் அப்படியொரு கிணறு இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் தண்ணீர் அள்ளாதது. "மண்ணைக் கொட்டி மூடிவிடுங்கோ" என்பதுதான் எல்லோருடைய ஆலோசனையும். ஆனால் அது பல வழிகளில் ஒன்று மட்டுமே. பல வேளைகளில் அது சிறந்த வழியும் அல்ல. முடிவெடுப்பதற்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிணறு இறைப்பவர்கள், நொத்தாரிசு என்று பலரிடம் நான் கேட்டறிந்தவற்றை, இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில்: உள்ளே என்ன இருக்கிறது?

இடம்பெயர்ந்தபோது மக்கள் பித்தளைப் பாத்திரங்களைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னர் அங்கே நிலைகொண்டிருந்தவர்கள் வேறு பொருட்களைப் போட்டார்கள். கைவிடப்பட்ட கிணறுகளிலிருந்து வெடிபொருட்கள் மீட்கப்படுவது வடக்கில் புதிய செய்தி அல்ல. எனவே இறைக்கும்போது துருப்பிடித்த உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால் வாளியாலோ கொழுக்கியாலோ கிளறக்கூடாது. வேலையை நிறுத்தி, ஆட்களை அகற்றி, கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள்.

எலும்புகள் தென்பட்டாலும் அதே விதிதான். கொக்குத்தொடுவாயில் 2023இல் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோதுதான். இது மாட்டெலும்பு என்று நாமாக முடிவுசெய்து அள்ளி எறியக்கூடாது. நீதவானின் உத்தரவு இல்லாமல் எதையும் அசைக்க வேண்டாம். தன் பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு, அந்தக் கிணற்றின் அடியில் கிடப்பதுதான் கடைசிச் சான்றாக இருக்கலாம்.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நீண்டகாலம் பாவிக்காத கிணற்றில் பிராணவாயு குறைந்து நச்சுவாயு தேங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை காற்றுக் குறைவைக் காட்டலாம். எல்லா நச்சுவாயுக்களையும் காட்டாது. பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ இயங்கும் நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது உயிராபத்து. அதன் புகை நிமிடங்களில் ஆளை மயக்கும். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மயங்குவார். இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இருவர் நின்று இழுக்கக்கூடிய ஏற்பாடு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

யாருடைய கிணறு?

யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியாக எழுதப்பட்டிருப்பது வழமை. காணி உங்களுடையதாக இருந்தாலும் கிணற்றில் அயல் காணிக்காரருக்குப் பங்கிருக்கலாம். அவர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கலாம். இறந்து, உரிமை பிள்ளைகளுக்குப் போயிருக்கலாம். எங்கள் கிணற்றில் ஐந்து பங்கு. அவற்றில் மூன்று பங்குக்காரர் வெளிநாட்டில். ஒருவர் தன்னிச்சையாகத் தூர்த்தால் அது வழக்காகும், அதைவிட மோசமாகப் பகையாகும். உறுதியை எடுத்து நொத்தாரிசிடம் காட்டி, பங்குக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

வழி 1: துப்புரவாக்கி மீளப் பாவித்தல்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் நன்னீர். அது உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. அதனால்தான் பழைய கிணற்றைப் பெரிய பம்பி வைத்து ஒரே மூச்சில் வற்ற இறைக்கக்கூடாது. நன்னீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் அடியிலுள்ள உவர்நீர் அதைவிடப் பல மடங்கு மேலேறும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது இதை அனுபவத்தில் கண்டோம். சில கிணறுகளின் சுவரும் இடிந்தது. மெதுவாக, இடைவெளி விட்டு இறைத்து, சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இட வேண்டும்.

குளோரின் கிருமியைக் கொல்லும். நைத்திரேற்றையோ எண்ணெயையோ அகற்றாது. உரப் பாவனையாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தாலும் குறையாது. ஆகவே பரிசோதனை அறிக்கை வரும்வரை அந்த நீர் தோட்டத்துக்கும் கழுவுவதற்கும் மட்டுமே.

வழி 2: மூடி போட்டுக் காத்தல்

இன்று தேவையில்லை, நாளை தேவைப்படலாம் என்போருக்கு இதுவே பொருத்தம். மூன்றடிக்குக் குறையாத கட்டு, அதன்மேல் கம்பி வைத்த கொங்கிறீற் மூடி அல்லது இரும்புச் சட்டமிட்ட வலை, பூட்டக்கூடிய சிறு கதவு ஆகியவை போதும். பழைய சுவர் கொங்கிறீற்றின் பாரத்தைத் தாங்குமா என்பதை மேசனிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். தகரமும் பலகையும் மூடி ஆகா. அவை உக்கிப்போன பின் திறந்த கிணற்றைவிட ஆபத்தானவை, ஏனெனில் ஆள் நம்பிக் கால் வைப்பார்.

நுளம்பு புகாதபடி நுண்வலையும் தேவை. இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016 செப்டெம்பரில் சான்று பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மலேரியாவைப் பரப்பக்கூடிய புதியவகை நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குடம்பிகள் கிணறுகளில்தான் இருந்தன. வலை போட முடியாவிட்டால் கப்பி மீன் விடலாம். ஆனால் குளோரின் இட்ட உடனே விட்டால் அவை செத்துவிடும்.

வழி 3: மழைநீரை உள்ளே விடுதல்

மாரியில் கூரைநீரைப் பீலி வழியாகக் கொண்டுவந்து, மணலும் சரளையும் நிரப்பிய வடிகட்டித் தொட்டியூடாகக் கிணற்றில் விடலாம். முதல் மழைநீரை வெளியே விட்டுவிட வேண்டும். முற்றத்து வெள்ளத்தையோ வீதி வாய்க்காலையோ திருப்பிவிடக்கூடாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு வடிகட்டப்படாமலே அயல் கிணற்றுக்குப் போய்விடும்.

வழி 4: நிரந்தரமாகத் தூர்த்தல்

சுவர் இடிந்து திருத்த முடியாத கிணற்றுக்கு இதுவே வழி. செலவைக் கணக்கிடுங்கள்: பத்தடி அகலமும் 25 அடி ஆழமும் உள்ள வட்டக் கிணற்றுக்கு ஏறத்தாழ 20 கியூப் வேண்டும். குப்பை, மரம், இரும்பு அனைத்தையும் வெளியே எடுத்து, குளோரின் இட்ட பின், நீர்மட்டம் வரை கழுவிய மணலோ சரளையோ கல்லோ போட வேண்டும். அதற்கு மேல் நல்ல மண்ணைப் படைபடையாக இறுக்க வேண்டும். மேலுள்ள சில அடிக்குக் களிமண் இட்டால் மேல்நீர் உள்ளே இறங்காது. சில மாரிகளுக்கு மண் தாழும் என்பதால் மேலே சற்று மேடாக விடுங்கள். அதன்மேல் வீடோ மதிலோ எழுப்பாதீர்கள். இடத்தைக் காணி வரைபடத்தில் குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது தெரிய வேண்டும்.

எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாதது

கிணற்றை மலக்குழியாகவோ குப்பைக் குழியாகவோ மாற்றாதீர்கள். பழைய பற்றரி, எண்ணெய், பூச்சிமருந்துப் போத்தல் ஒன்றும் அதற்குள் போகக்கூடாது. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் போடுவதை ஊரே குடிக்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சுற்றியுள்ள ஊர்கள் பௌசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை.

எங்கள் பங்குக்காரர் தெரிவுசெய்தது இரண்டாவது வழியை. இலங்கைக்கு வரும் எண்ணம் இல்லாதவர்கள்கூடத் தூர்க்கச் சம்மதிக்கவில்லை. நீங்கள் எந்த வழியைத் தெரிந்தாலும், பேச்சு முடியும்வரை கிணறு திறந்து கிடக்கக்கூடாது. பற்றையை வெட்டி, நான்கு கதியால் நட்டு முட்கம்பி அடிப்பதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அதை இந்த வாரமே செய்யலாம்.