ஐக்கிய அமெரிக்காவில் பெண்களின் உடல்முடி நீக்கம்

பெண்களின் உடல்முடி நீக்கம் என்பது அக்குள், கால், முகம் முதலிய இடங்களில் வளரும் முடியைச் சவரம், மெழுகு, வேதிப்பசை போன்றவற்றால் அகற்றும் வழக்கம் ஆகும். பல பண்பாடுகளில் இவ்வழக்கம் தொன்மையானது. எனினும் ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும்பாலான பெண்களிடம் எதிர்பார்க்கப்படும் ஒன்றாக மாறியது 20ஆம் நூற்றாண்டிலேயே ஆகும். உடைப்பாணி மாற்றமும் விளம்பரங்களும் இதற்கு முக்கிய காரணங்களாகக் கருதப்படுகின்றன.

வரலாறு

1910களில் கையில்லாத உடைகள் பரவின. 1915 இல் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கான தனது முதல் சவரக்கருவியை வெளியிட்டது. அதே ஆண்டில் ஹார்ப்பர்ஸ் பசார் இதழில், அக்குள் முடியை நீக்கவேண்டிய ஒன்றாகக் காட்டும் முடிநீக்கித் தூள் விளம்பரம் வெளியானது. 1920களில் பாவாடையின் நீளம் குறைந்ததும், இரண்டாம் உலகப்போரின்போது நைலான் காலுறைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் கால்முடி நீக்கத்தைப் பரவலாக்கின.

உடல்நலக் கேடுகள்

1920களில் "டிரைக்கோ" என்னும் முறையில் பெண்களின் முகத்தில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி முடி நீக்கப்பட்டது. வலியற்றது, பாதுகாப்பானது என விளம்பரம் செய்யப்பட்ட இம்முறையால் பலருக்குத் தோல் சிதைவும் பின்னாளில் புற்றுநோயும் உண்டாயின. 1930களின் தொடக்கத்தில் விற்கப்பட்ட "கோரெம்லு" பசையில் எலி நஞ்சாகப் பயன்பட்ட தாலியம் அசிட்டேட்டு இருந்தது. இதனைப் பயன்படுத்திய பெண்கள் நரம்புப் பாதிப்புக்கும் வாதத்துக்கும் உள்ளாயினர். இழப்பீட்டு வழக்குகளால் அந்நிறுவனம் 1932 இல் நொடித்தது. 1906 ஆம் ஆண்டின் சட்டம் அழகுப்பொருட்களை உள்ளடக்கவில்லை. 1938 இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டமே அவற்றைக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது.

பெண்களின் கருத்துகள்

முடியை நீக்குவது தூய்மை, தன்னம்பிக்கை சார்ந்த சொந்த விருப்பம் என்பர் ஒரு சாரார். நீக்காதவர் ஏளனத்துக்கு ஆளாகும் நிலையில் அதனை முழுமையான விருப்பம் எனக் கூறவியலாது என்பர் மறுசாரார். பெண்ணிய இதழான "மிஸ்" 1972 இலேயே இது குறித்துக் கட்டுரை வெளியிட்டது. சவரக்கருவி விளம்பரங்கள் நெடுங்காலம் முடியற்ற கால்களையே சவரம் செய்வதாகக் காட்டின. 2018 இல் பில்லி நிறுவனம் முடியுள்ள உடலையே விளம்பரத்தில் காட்டியது. இதனைச் சிலர் வரவேற்றனர். எதிர்ப்பும் விற்பனை உத்தியாகிவிட்டது எனச் சிலர் விமர்சித்தனர்.

மருத்துவ நோக்கு

அக்குளிலும் காலிலும் முடி வளர்வது இயல்பானது. அது தூய்மைக் குறைவின் அறிகுறி அன்று. சவரம் செய்வதால் முடி தடித்து வளரும் என்பதும் தவறான நம்பிக்கையே. ஆயினும் முகம், மார்பு ஆகிய இடங்களில் திடீரென மிகுதியாக முடி வளருமாயின், அது சூலகப் பல்பைக் கூட்டறிகுறி போன்ற இயக்குநீர்க் கோளாறின் அறிகுறியாக இருக்கக்கூடும்.