ரசாயனச் சேமிப்பு முனையங்களில் கசிவு: தடுப்பது எப்படி? நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன?

துறைமுகங்களை ஒட்டியும் தொழிற்பேட்டைகளின் நடுவிலும் வரிசையாக நிற்கும் பெரிய உருளைத் தொட்டிகளில் பெட்ரோல், அம்மோனியா, ஸ்டைரீன் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான டன் அளவில் சேமிக்கப்படுகின்றன. இந்த முனையங்களில் உற்பத்தி எதுவும் நடைபெறுவதில்லை என்பதால், ஆலைகளைவிட இங்கு ஆபத்து குறைவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஜெய்ப்பூரில் 2009-ஆம் ஆண்டிலும் விசாகப்பட்டினத்தில் 2020-ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த விபத்துகள் அந்த எண்ணம் தவறு என்பதை உணர்த்தின.

ஜெய்ப்பூர்: மூடப்படாத வால்வு

ஜெய்ப்பூரின் சீதாபுரா தொழிற்பேட்டையில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முனையம் இயங்கி வந்தது. 2009 அக்டோபர் 29-ஆம் தேதி மாலை, அங்குள்ள தொட்டியிலிருந்து அருகிலுள்ள மற்றொரு நிறுவனத்தின் முனையத்துக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் அனுப்பும் பணி தொடங்கியது. அப்போது 'ஹேமர் பிளைண்ட்' எனப்படும் அடைப்பு வால்வு திறந்த நிலையில் இருந்தபோதே, தொட்டியின் பிரதான வால்வும் திறக்கப்பட்டது. பெட்ரோல் பீறிட்டு வெளியேறியது. பணியில் இருந்தவர்கள் ஆவியை முகர்ந்து செயலிழந்தனர்.

கசிவு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடித்தது. காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து முனையம் முழுவதையும் சூழ்ந்த பின், இரவு சுமார் 7.30 மணிக்குத் தீப்பற்றி வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். அடுத்தடுத்த தொட்டிகளிலும் தீ பரவியதால், எரிபொருள் முழுவதும் எரிந்து தீரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

விபத்தை ஆராய்ந்த எம்.பி.லால் குழு, பணி நடைமுறைகள் பின்பற்றப்படாததைச் சுட்டிக்காட்டியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்தே வால்வை மூடும் வசதி இயங்காத நிலையில் இருந்ததும், சுவாசக் கருவிகள் உடனடியாகக் கிடைக்காததும் தெரியவந்தது.

விசாகப்பட்டினம்: தொட்டிக்குள் உருவான வெப்பம்

2020 மே 7-ஆம் தேதி அதிகாலை சுமார் 3 மணிக்கு, எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் சேமிப்புத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறியது. கரோனா பொதுமுடக்கத்தால் ஆலை வாரக்கணக்கில் இயங்காமல் இருந்தது. அருகிலுள்ள கிராமங்களில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி வெளியே ஓடினர். பலர் தெருக்களிலேயே மயங்கி விழுந்தனர். 12 பேர் உயிரிழந்தனர்.

ஸ்டைரீன் தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொண்டு பிளாஸ்டிக்காக மாறும் தன்மை கொண்டது. அப்போது வெப்பம் வெளிப்படும். அந்த வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்தும். இதைத் தடுக்கத் தொட்டியைக் குளிர்ந்த நிலையில் வைத்திருப்பதுடன், வினையடக்கி வேதிப்பொருளும் போதிய அளவில் சேர்க்கப்பட வேண்டும். வினையடக்கி குறைவாக இருந்ததையும், குளிரூட்டும் அமைப்பு இரவில் நிறுத்தப்பட்டதையும், வெப்பநிலை தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே அளவிடப்பட்டதையும் ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு குறிப்பிட்டது. ஆலையில் அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யும் இடங்கள் பல இருந்தும், சங்கு ஒலிக்கவில்லை.

தடுப்பு அரண்கள்

ஒரு பிழை நேர்ந்தாலும் அடுத்த அரண் அதைத் தாங்கிக்கொள்ளும் வகையில் முனையம் அமைய வேண்டும் என்பதே பாதுகாப்பின் அடிப்படை.

* தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க, வழக்கமான அளவுமானியிலிருந்து தனித்து இயங்கும் உயர்மட்ட எச்சரிக்கைக் கருவியும் தானியங்கி அடைப்பும் தேவை. பிரிட்டனின் பன்ஸ்ஃபீல்டு முனையத்தில் 2005 டிசம்பர் 11-ஆம் தேதி அளவுமானி பழுதாகி, மாற்றுக் கருவியும் செயல்படாததால் பெட்ரோல் வழிந்து வெடிவிபத்து ஏற்பட்டது.
* தொலைவிலிருந்து மூடக்கூடிய வால்வுகளும் எரிவாயு உணர்கருவிகளும் இயங்கும் நிலையில் உள்ளனவா என்பதைக் குறித்த இடைவெளியில் சோதிக்க வேண்டும்.
* தொட்டிகளைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர், அதனுள் உள்ள மிகப்பெரிய தொட்டியின் கொள்ளளவையேனும் தாங்க வேண்டும். மழைநீர் வடிகால் வால்வு எப்போதும் மூடியிருப்பது அவசியம். அது திறந்திருந்தால் சுவர் இருந்தும் பயனில்லை.
* தானாக வினைபுரியும் பொருள்கள் உள்ள தொட்டிகளில், பல உயரங்களில் வெப்பநிலையை அளவிட வேண்டும். வினையடக்கியின் அளவை முறையாகச் சோதிக்க வேண்டும். ஆலை மூடப்பட்டிருக்கும் நாள்களிலும் இது தொடர வேண்டும்.

முதல் சில நிமிடங்கள்

கசிவு தெரிந்தவுடன் சங்கை ஒலிக்கச் செய்து, ஆவிமேகத்துக்குள் நுழையாமல் மூலத்தை அடைக்க முயல வேண்டும். எரியக்கூடிய ஆவி எனில், வாகனங்கள் உள்ளிட்ட தீப்பொறி எழுப்பும் அனைத்தையும் தவிர்க்க வேண்டும். சுவாசக் கருவி இன்றி மீட்புக்குச் செல்பவர் அடுத்த பாதிப்பாளராகி விடுவார்.

பெட்ரோல் தேங்கியிருந்தால் அதன்மீது நுரை பரப்பி ஆவியாதலைக் குறைக்கலாம். அம்மோனியா ஆவியை நீர்த்திரை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் தேங்கிய திரவ அம்மோனியாமீது நேரடியாக நீர் ஊற்றினால் ஆவியாதல் அதிகரிக்கும். எனவே பொருள் எது என்பதைத் தீயணைப்பு வீரர்களுக்கு உடனே தெரிவிப்பது இன்றியமையாதது.

சட்டம் சொல்வது

1984-ஆம் ஆண்டு போபால் பேரழிவுக்குப் பின், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1989-இல் அபாயகர ரசாயனங்கள் தொடர்பான விதிகளும், 1996-இல் ரசாயன விபத்துகளுக்கான அவசரகாலத் திட்ட விதிகளும் வெளியிடப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்கு உடனடி நிவாரணம் வழங்க 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகர ரசாயனங்களைச் சேமிக்கும் நிறுவனம், வளாகத்துக்குள்ளான அவசரகாலத் திட்டம் வகுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வளாகத்துக்கு வெளியிலான திட்டம் அரசு நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை தேவை.

பொதுமக்கள் கவனத்துக்கு

* வழக்கத்துக்கு மாறான நெடியை உணர்ந்தால் 112 என்ற எண்ணில் தகவல் தெரிவிக்கவும்.
* தீக்குச்சி பற்றவைக்க வேண்டாம். ஆவி சூழ்ந்த இடத்தில் வாகனத்தை இயக்க வேண்டாம்.
* காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லவும். காற்றைவிடக் கனமான ஆவி பள்ளங்களில் தேங்கும் என்பதால் தாழ்வான இடங்களைத் தவிர்க்கவும்.
* வீட்டுக்குள் இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டால் கதவு, ஜன்னல்களை அடைத்து, குளிர்சாதனக் கருவியை நிறுத்தவும்.
* கண்ணிலோ தோலிலோ ரசாயனம் பட்டால் ஏராளமான நீரால் கழுவி, மருத்துவரை நாடவும்.

விபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தினருக்கு, எத்தகைய ஆபத்து உள்ளது, நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க 1989-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. முனையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வாழ்பவர்கள், உள்ளே இருப்பது என்ன, சங்கு ஒலித்தால் எங்கு செல்வது என்று கேட்பதற்கு அந்த விதிகளே ஆதாரம்.